ஆறு சாய்ந்த தலைகள்

எல்லைக் கோட்டைத் தாண்டும்போதே அணியின் டாக்டர் செலின் ரோட்ரிகோ ஒரு கையுறையை மாட்டிவிட்டாள். இன்னொன்று வழியில் எங்கோ விழுந்தது. மருந்துப் பெட்டி இடுப்பில் இடிக்க இடிக்க, சேப்பாக்கம் மைதானத்தின் நடுவை நோக்கி ஓடினாள். இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினால் கடற்காற்றுகூடக் கேட்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மகிழினி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது. இந்தியப் பெண்கள் அணியின் தொடக்க ஆட்டக்காரி. ஹெல்மெட்டின் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே நுழைந்த பந்து இடது கன்ன எலும்பின் மேல் தோலைக் கிழித்திருந்தது. ரத்தம் தாடை வழியாகச் சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. பந்து வீசிய நியூஸிலாந்துப் பெண் பக்கத்தில் நின்று, தன் கையாலேயே அடித்துவிட்டதைப் போல அழுதுகொண்டிருந்தாள்.

"அசையாத. என்னைப் பாரு. ஏட்டி, ஏன் குனியல?"

"பந்து வரலீங்க டாக்டர்க்கா."

"வராமலா கன்னம் கிழிஞ்சிருக்கு?"

செலின் பஞ்சை வைத்து அழுத்தினாள். மற்ற கையால் பெண்ணின் வலது கண்ணைப் பொத்தி, ஒரு விநாடி பஞ்சை விட்டுவிட்டு மூன்று விரல்களைக் காட்டினாள்.

"எத்தனை?"

"கையை எடுத்துட்டுக் கேளுங்க்கா. இருட்டா இருக்குது."

"ஒரு கண்ணைத்தான் மூடியிருக்கேன்."

பகல் இரண்டு இருபது. சித்திரை வெயில். மகிழினியின் இடது கண் அகலமாகத் திறந்து செலினையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரமாங்க்கா." அவள் கை செலினின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. "சொல்லிடாதீங்க்கா. கெஞ்சிக் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை மேட்ச் முடியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதில் ஜெயித்தால் உலகக் கோப்பையில் இடம். தோற்றால் இந்தியா வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

*

ஒன்பது தையல் போட்டாள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள். விழித்திரை சுத்தமாக இருந்தது. நரம்பு சுத்தமாக இருந்தது. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத, அருமையான, பார்வையில்லாத கண்.

இந்த மாதிரி ஒரு கண்ணைச் செலின் பார்த்திருக்கிறாள், படிக்கும் காலத்தில், குழந்தைகள் வார்டில்.

இன்னிங்ஸ் இடைவேளையில் அவள் ஒரு காரியம் செய்தாள். உடை மாற்றும் அறையில் டீ கொடுக்கும் அம்மாவிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, தானே ஒவ்வொருவராகப் போய் நீட்டினாள். எல்லோருக்கும் இடது பக்கத்திலிருந்து. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், சத்தம் போடாமல்.

விக்கெட் கீப்பர் உடனே வாங்கிக்கொண்டாள். வேகப்பந்து வீசும் இருவரும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்து உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள் டம்ளரைக் கவனிக்கவே இல்லை. ஒருத்தி அது காதில் உரசிய பிறகு திடுக்கிட்டுத் திரும்பி, "என்னக்கா, பேய் மாதிரி வர்றீங்க," என்று சிரித்தாள். செலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஐந்து பேர், மகிழினி ஆறாவது. ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு பேர் தலையிலும், ஓய்வு பெற்ற ஆட்டக்காரி தில்லைநாயகி இருந்தாள்.

*

அணியின் மேலாளர் சீதாபதி நல்ல மனிதர். அதுதான் செலினுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்ட மனிதராக இருந்தால் கத்திவிட்டு வந்துவிடலாம். இவர் உட்கார வைத்து, மோர் வரவழைத்து, முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றும் செய்ய மாட்டார்.

"மூளை கண்ணை அணைச்சிடுமா? என்னம்மா, ட்யூப்லைட்டா அது?"

"சின்னக் குழந்தைங்களுக்கு வரும் சார். ரெண்டு கண்ணும் ரெண்டு விதமா சேதி சொன்னா, மூளை ஒண்ணை மட்டும் நம்பும். இன்னொண்ணு சும்மா திறந்திருக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சாத் திருப்பலாம். விட்டா அவ்வளவுதான்."

"இவங்க குழந்தைங்க இல்லையே."

"நெத்திப்பட்டை போட்டுக்கிற இருபது நிமிஷம் இவங்க மூளை குழந்தை மூளை மாதிரி இளகும். இளக வச்சுத்தான் தில்லையோட பதிவை ஏத்துறோம். நீங்கதானே பத்திரிகைக்காரங்ககிட்ட பெருமையாச் சொன்னீங்க?"

சீதாபதி மோரைக் கலக்கினார்.

சொன்னது உண்மைதான். இரண்டு வருடம் முன்பு, உலகக் கோப்பை முடிந்த கையோடு ஐந்து மூத்த ஆட்டக்காரிகள் ஓய்வு பெற்றார்கள். அதன்பின் ஆடிய இருபத்து மூன்று ஆட்டங்களில் பத்தொன்பது தோல்வி. பயிற்சியாளர்கள் மூன்று பேர் வந்து போனார்கள். இளம் பெண்களை நம்பி அணியைக் கட்டுகிறோம், பொறுமை வேண்டும் என்று மூவருமே சொன்னார்கள். பொறுமை யாரிடமும் இல்லை. அப்போதுதான் மெய்ப்பதிவு என்ற கம்பெனி ஒரு பழைய பதிவோடு வந்தது. ஓய்வு பெற்ற உடனே தில்லைநாயகி அவர்களுக்காக நாற்பது நாள் தலையில் தொப்பியோடு பேட்டிங் செய்திருந்தாள். பந்து வரும்போது அவள் நரம்புகள் எந்த வரிசையில் எப்படி வேலை செய்கின்றன என்பது முழுதாகப் பதிவாகியிருந்தது. அதை நெற்றிப்பட்டை வழியாக ஆறு பெண்களுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஓய்வு பெற்ற மற்ற நாலு பேரையும் பதிவு செய்திருக்கலாம். விளம்பரம் கொடுத்தவர்கள் கேட்டது தில்லையை மட்டும்தான்.

பலன் தெரிந்தது. முதல் மாதமே இரண்டு வெற்றி. அதைவிட, ஆறு பெண்களும் பந்தை எதிர்கொள்ளும்போது தில்லையைப் போலவே தலையை ஒரு பக்கமாகச் சாய்க்க ஆரம்பித்தார்கள். கூட்டம் கிறுகிறுத்துப்போனது. வர்ணனையாளர் ஒருவர் நேரலையில் கண்கலங்கினார். கம்பெனி அந்தச் சாய்ந்த தலையையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

"அழிச்சிடலாம் சார்," என்றாள் செலின். "தொண்ணூறு நாளைக்குள்ள அழிக்கலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அதுக்கப்புறம் மூளை அதைத் தன்னோடதுன்னு எடுத்துக்கும். யாராலயும் பிரிக்க முடியாது. இன்னிக்கு எண்பத்தெட்டாவது நாள்."

"ஞாயித்துக்கிழமை தொண்ணூத்தொண்ணு."

"அதான் சொல்லுதேன். மேட்ச் முடியட்டும்னு காத்திருந்தா ஆறு பேருக்கும் கண்ணு போச்சு."

"அழிக்கிற சாவி என்கிட்ட இல்ல செலின். கம்பெனிகிட்ட இருக்கு. அவங்க எப்ப அழிப்பாங்க? பதிவு எடுத்த ஆள்கிட்டயே குறை இருந்ததுன்னு காகிதத்துல நிரூபிச்சா அழிப்பாங்க. இல்லன்னா, பதட்டம், தூக்கம் கெட்டது, பந்து அடிச்ச அதிர்ச்சினு ஆயிரம் காரணம் சொல்லுவாங்க." இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து மேஜையில் விரித்தார். "நீயே பாரு. தில்லையோட உடல் தகுதிச் சான்றிதழ். ஆறு வருஷத்தோடதும் இருக்கு. கடைசியா உள்ளதை வச்சுத்தான் கம்பெனி பதிவே எடுத்தது. இடது கண் ஆறுக்கு ஆறு. வலது கண் ஆறுக்கு ஆறு. வருஷா வருஷம் அதேதான். குறை எங்க இருக்கு?"

செலின் அந்தக் காகிதங்களைத் தொடவில்லை.

"டிவிக்காரங்ககிட்டப் போறேன்," என்றாள்.

"போ. உன்னையும் ஒரு ஜோசியரையும் எதிரெதிரா உட்கார வச்சு மூணு நாள் கத்த விடுவாங்க. திங்கட்கிழமைதான் விடுவாங்க." கோபமில்லாமல், அலுப்போடு சொன்னார். "நானும் தூங்கி எட்டு மாசம் ஆச்சும்மா. பத்தொன்பது தோல்வி. என் பேரன் ஸ்கூல்ல என் பேரைச் சொல்றதில்ல. மோரைக் குடி."

குடிக்காமல் எழுந்தாள்.

*

மறுநாள் காலை கொட்டிவாக்கம் போக ஆட்டோ பிடித்தாள். ஓட்டுநர் இல்லாத ஆட்டோ அடையாறு தாண்டுவதற்குள் மூன்று முறை பாதையை மாற்றி, மூன்று முறையும் மன்னிப்புக் கேட்டது. திட்டுவதற்கு ஆள் இல்லாததுதான் இந்த ஆட்டோக்களில் பெரிய குறை.

கதவைத் திறந்தது தில்லைநாயகியே. முப்பத்தெட்டு வயது, பதினேழு வருட ஆட்டம், சிதம்பரத்தில் ஒரு தெருவுக்கு அவள் பெயர். அவள் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"ஓய்வு எப்படி இருக்கு?"

"சப்பாத்தி வட்டமா வரல. மத்தபடி சௌக்கியம். உட்காரு."

காபி ஊற்றினாள். இடது கை ஆள்காட்டி விரலை டம்ளரின் விளிம்புக்குள் வைத்து, சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினாள். விளையாட்டு விடுதிகளில், விமான நிலையங்களில், இதே விரலை இதே மாதிரி எத்தனையோ தடவை செலின் பார்த்திருக்கிறாள். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

"எத்தனை வருஷமா?" என்றாள்.

தில்லை டம்ளரை நகர்த்தி வைத்தாள். என்னது என்று கேட்கவில்லை.

"எட்டு. அதுல ஆறு வருஷம் ஆடினேன்."

"எப்படி ஆச்சு?"

"நெட்ல ஸ்வீப் ஆடினேன். பந்து பேட்டோட மேல் விளிம்புல பட்டு இடது கண்ணுல அடிச்சிச்சு. வீங்குச்சு, வடிஞ்சிச்சு. ஒரு மாசம் கழிச்சு ஒருநாள் காலைல எழுந்தா பாதித் திரை விழுந்துருக்கு. அடுத்த வாரம் மீதியும் விழுந்துடுச்சு. வேற பேர்ல போய் டாக்டரைப் பார்த்தேன். லேட்டுன்னார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? ஒரு பொன்னாடை, ஒரு பூங்கொத்து, பாவம் நல்லா ஆடினான்னு நாலு பேர் பேச்சு. எனக்கு முப்பது வயசு செலின். சரி, அடுத்த மேட்ச் ஆடிட்டுச் சொல்லலாம்னு போனேன். நூறு அடிச்சேன். நூறு அடிச்சவகிட்ட யாரு கண்ணைப் பத்திக் கேப்பா?"

"ஒரு கண்ணை வச்சுக்கிட்டு எப்படி அடிச்ச?"

"பந்தைப் பார்க்கிறதை விட்டுட்டேன். பவுலரோட மணிக்கட்டை மட்டும் பார்ப்பேன். பந்து கையை விட்டு வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுவேன். வலது கண்ணு முன்னால வரணுமில்ல, அதுக்காகத் தலையைத் திருப்பினேன். ஜனங்க அதை அழகுன்னாங்க." காபியைக் குடித்தாள். "என் மூளை இடது பக்கத்தை நம்புறதை நிறுத்திடுச்சு. அதுதான் என் பேட்டிங். அதைத்தான் எடுத்துக்கிட்டுப் போனாங்க."

செலின் தன் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அந்தப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கும்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்ல? மகிழினி கன்னத்துல ஒன்பது தையல். இருபது வயசு. ராசிபுரத்துல லாரிக்குப் பாடி கட்டுற அப்பா."

"அந்த லேப் பையன்கிட்ட கேட்டேன். தம்பி, கையை மட்டும் எடுத்துக்க முடியுமா, கண்ணு சமாசாரம் வராம பார்த்துக்கலாமான்னேன். சிரிச்சான். மேடம், அதான் உங்க ரிப்போர்ட் இருக்கே, எல்லாம் பக்காங்கறான்." தில்லை செலினைப் பார்க்காமல் பேசினாள். "எனக்கும் அதைக் கேக்க வசதியா இருந்துச்சு. நம்பிட்டேன். தப்புதான்."

"தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இப்பவே. நான் கொண்டுபோறேன்."

"ரெண்டு மாசம் முன்னாடியே போட்டாச்சு."

செலின் நிமிர்ந்தாள்.

"டிவில பார்த்தேன். ஆறும் தலையைச் சாய்க்குது. மறுநாளே சீதாபதி முன்னாடி போய் நின்னேன். கைப்பட எழுதிக் கொடுத்தேன். அவர் அந்த ஆறு சான்றிதழையும் எடுத்து வரிசையா வச்சார். அப்புறம் மெதுவா, 'மகிழினி உங்க இடத்தைப் பிடிச்சிடுவாங்க போலிருக்கே மேடம்' அப்படின்னார்."

"இப்ப கண்ணைச் சோதிச்சாத் தெரிஞ்சிடுமே."

"சோதிச்சாங்களே. கம்பெனி டாக்டர்தான் பார்த்தார். பார்வை இல்லன்னு எழுதிக் கொடுத்தார். ஆனா எப்ப போச்சுன்னு சொல்ல முடியாதாம். பதிவு எடுத்தது ரெண்டு வருஷம் முன்னாடி. அப்ப ரெண்டு கண்ணும் நல்லா இருந்துச்சுன்னு அவங்ககிட்ட காகிதம் இருக்கு. அதுக்கப்புறம் போயிருக்கும், வருத்தப்படறோம், இந்தாங்க பழக்கூடைன்னு அனுப்பிட்டாங்க. அந்தக் கூடை இன்னும் ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு."

எங்கோ தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

"அந்த ஆறு காகிதமும் பொய்யின்னு ஆகணும்," என்றாள் தில்லை. "நான் சொன்னா ஆகாது. அதுல என் கையெழுத்து இல்ல."

காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. செலின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"உன்கிட்ட முதல்ல வந்திருக்கணும்," என்றாள் தில்லை, வாசல்வரை வந்து. "ரெண்டு தடவை போனை எடுத்தேன். வச்சுட்டேன்."

*

பிற்பகல் மூன்று மணிக்கு மைதானத்துக்குத் திரும்பினாள். மேலாளர் அறைக்குப் போகும் வழியில் மகிழினி நின்றுகொண்டிருந்தாள். கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. பேட்டைக் கக்கத்தில் வைத்திருந்தாள். பயிற்சிக்குப் போகிறாளாம்.

"அழிக்கச் சொல்லப் போறீங்களாக்கா?"

"ஆமா."

"நான் கேக்கவே இல்லீங்களே."

"கேக்க வேண்டியதில்ல. உனக்குக் கண்ணு இருந்தாப் போதும்."

"ஒரு கண்ணு போதுங்க்கா எனக்கு." குரல் உடையவில்லை, உயரவுமில்லை. கணக்கு வாத்தியாரிடம் விடையைச் சொல்வது போலச் சொன்னாள். "பட்டை போடறதுக்கு முன்னாடி எட்டு மேட்ச்ல நாப்பத்தொரு ரன்னு. போட்டப்புறம் ரெண்டு சதம். இதை எடுத்துட்டா ஞாயித்துக்கிழமை முதல் ஓவர்ல அவுட்டாகிப் போட்டு, திங்கக்கிழமை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். அப்ப ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும். எல்லாரும் என்னைப் பார்க்கறதைப் பார்த்துட்டு நிக்கலாம்."

செலின் அவள் தோளைத் தொடப் போனாள். இடது பக்கத்திலிருந்து. அவளுக்கு அது தெரியவில்லை. தொட்டதும் துள்ளி விலகினாள். பேட் தரையில் விழுந்து உருண்டது.

இரண்டு பேரும் அந்த பேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மகிழினி குனிந்து அதை எடுத்துக்கொண்டு வலைப் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

சீதாபதி சாப்பாட்டை முடித்து வெற்றிலை போட்டிருந்தார். செலின் ஒற்றைத் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"ராஜினாமாவா? இன்னிக்கு வாங்க மாட்டேன். வெள்ளிக்கிழமை."

"படிங்க."

"தில்லை எழுதினதா? அதான் என்கிட்ட ஏற்கெனவே..."

"இல்ல சார். படிங்க. கம்பெனிக்கு ஒரு நகல், மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு நகல் பத்து நிமிஷம் முன்னாடி போயிடுச்சு. கம்பெனி வக்கீல் இப்பத்தான் கூப்பிட்டார். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஆறு பேரையும் கூட்டிட்டு வரச் சொல்லுதார். குரல்ல பழக்கூடை இல்ல."

சீதாபதி அவளை ஒரு மாதிரி பார்த்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். முதல் வரியைப் படித்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை யாரும்மா ஆடுறது?" என்றார், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"அவங்களேதான். மோசமா ஆடுவாங்க."

"தோத்துடுவோம்."

"தோப்போம் சார்."

அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்த முறை உதடு அசைய, தனக்கே வாசித்துக் காட்டுவது போல. செலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே வலைக்குள் ஒரு பெண் தலையைச் சாய்த்து நின்று பந்துக்குக் காத்திருந்தாள். பின்னால் சீதாபதியின் குரல் தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்தது.

"...தில்லைநாயகியின் கண் பார்வை குறித்து ஆறு வருடங்களாக வழங்கப்பட்ட சான்றிதழ்கள் பொய்யானவை. ஆறிலும் உள்ள கையெழுத்து என்னுடையது. அவர் கண்ணை நான் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. இளையவர்களை வரிசையில் நிறுத்திச் சோதிப்போம்; அவர் வரிசையில் நிற்பதில்லை, நாங்களும் நிற்கச் சொல்வதில்லை. முந்தைய வருடத்து எண்களைப் பார்த்து எழுதினேன். முதல் வருடம் அவர் நூறு அடித்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. மீதி ஐந்து வருடங்களுக்கு அந்தக் காரணம்கூடக் கிடையாது."